டிரம் உயர்கிறது, அடுப்பு எரியவில்லை

சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டின் முன்பக்கத்தில் காலை வேளையில் மட்டும் நடக்கும் இட்லிக் கடை. மாமியாரையும் சேர்த்து வீட்டில் ஆறு பேர். தொழுவில் இரண்டு பசுக்கள் இருந்தன. ஒன்றைச் சித்திரைக் கடைசியில் விற்றுவிட்டார்கள். தை மாதம் புறவாசலில் 2,000 லிட்டர் தொட்டியும், வாயு சேரச் சேர உயரும்படி அதன்மேல் மிதக்கும் டிரம்முமாக ஓர் எரிவாயுக் கலனை வாங்கி வைத்தார்கள். “முதல் தடவை மட்டும் சாணம் கரைத்து ஊற்றுங்கள். பிறகு அடுப்படிக் கழிவு எதைப் போட்டாலும் கேஸ் வரும். மாதம் ஒரு சிலிண்டர் மிச்சம்” என்று விற்றவர் சொன்னாராம். இருந்தாலும் மாமியார் பழக்கத்தை விடாமல் தினமும் ஒரு கூடை சாணம் கரைத்து ஊற்றி வந்திருக்கிறார். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஒரு மாடு போன பிறகு, விற்றவர் சொன்னது நினைவுக்கு வர, சாணம் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

வைகாசியில் மகளுக்கு வளைகாப்பு. மிஞ்சிய சோறு, சாம்பார், பாயசம், கலவைச் சாதங்கள் எல்லாமாக இரண்டு அண்டா. வெளியே கொட்ட மனம் வராமல் அன்று இரவே கலனில் ஊற்றிவிட்டார்கள். நான்கைந்து நாள்களில் அடுப்பு நின்றது. டிரம் என்னவோ மேலே எழும்பித்தான் நிற்கிறது. தீக்குச்சி காட்டினால் பற்றவில்லை. புறவாசல் முழுவதும் வாந்தி எடுத்ததுபோல் புளித்த வீச்சம். அடுத்த வீட்டில் இருப்பவர் கணவருடைய சித்தப்பா மகன். நாற்றம் தாங்கவில்லை, கிணற்றுத் தண்ணீரும் கெட்டுவிடும் என்று ஊராட்சித் தலைவரிடம் முறையிட்டிருக்கிறார். மாமியார், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இருக்கிற மாட்டையும் விற்றுவிடலாம் என்கிறார். கணவர், கழிப்பறைக் குழாயை இதில் இணைத்தால் வாயு பெருகும் என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன் ஈஸ்ட் போடலாம், சமையல் சோடா போடலாம் என்கிறான். டிரம்மைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கிக் கழுவித் தருவதாகவும் சொல்கிறான். “ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நான் யார் பேச்சைக் கேட்பது?” என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மகனைத் தடுங்கள். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. கலனுக்குள் யாரும் இறங்கக் கூடாது. டிரம்மைத் தூக்கி ஒரு நாள் திறந்து வைத்த பிறகும் கூடாது. மேலே தெரியும் வாயு போய்விட்டாலும், அடியில் கிடக்கும் கரைசலைக் கலக்கக் கலக்க அதில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வெளியே வரும். அழுகிய முட்டை வாடை அடிப்பது அது கொஞ்சமாக இருக்கும்போதுதான். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது, ஆள் சுருண்டு விழுவார். கரியமில வாயுவும் பள்ளத்தில் தங்கும். கழிவுத் தொட்டியில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். அள்ள வேண்டியதை மேலே நின்று, நீளமான கம்பில் கட்டிய வாளியால் அள்ளுங்கள். அந்த நேரத்தில் அருகில் பீடி, விளக்கு, வெந்நீர் அடுப்பு எதுவும் வேண்டாம். அடுப்பில் எரியும் வாயுவான மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலன் சாகவில்லை, புளித்திருக்கிறது.

கலனுக்குள் இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. சோற்றையும் காய்த்தோலையும் கரைத்து அமிலமாக்குவது முதல் கூட்டம். உங்கள் இட்லி மாவு ஓர் இரவில் புளித்துப் பொங்குவதைப் போன்ற வேகம் அதற்கு. அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் உண்டாக்குவது இரண்டாவது கூட்டம். இது நிதானமானது, எண்ணிக்கையில் இரட்டிப்பாகவே நாள்கணக்கில் ஆகும், காற்றுப் பட்டால் வேலை செய்யாது, புளிப்புக் கூடினாலும் ஒடுங்கிவிடும். முதல் கூட்டம் ஆக்குவதை இரண்டாவது கூட்டம் அன்றன்றே தீர்த்துக்கொண்டிருந்தால் கலன் சீராக ஓடும். நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி கடையும் வீடும் சேர்ந்து தினசரி நான்கு கிலோ கழிவு. இரண்டு அண்டா என்றால் ஐம்பது, அறுபது கிலோவாவது இருக்கும். ஏறத்தாழ பதினைந்து நாள் இரையை ஓர் இரவில் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் சாணத்தை நிறுத்திய பிறகு.

டிரம் உயர்வதன் காரணமும் இதுதான். மீத்தேன் நின்றுபோனாலும் முதல் கூட்டம் நிற்கவில்லை. அது கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறது. நன்றாக ஓடும் கலனில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம் வரை இருக்கும், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அந்த விகிதம் தலைகீழானால் டிரம் நிறைய வாயு இருந்தும் அடுப்பு பற்றாது. வாயு கசிகிறது, அடுப்பு கெட்டுவிட்டது என்றெல்லாம் நீங்கள் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். கசிந்தால் டிரம் இறங்கியிருக்கும், அடுப்பின்மேல் குற்றமில்லை.

மாட்டுப் பொங்கலன்று பொங்கல் சோற்றை மாடுகளுக்கு வயிறு முட்ட வைக்காதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் சொல்வார்கள். மாவுச்சத்து ஒரேயடியாக இறங்கினால் இரைப்பையில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும், சில சமயம் செத்தும் போகும். கலனில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றிலிருந்து சாணத்தோடு வந்தவைதான். அங்கே நடப்பது இங்கேயும் நடந்திருக்கிறது.

கலனை மீட்பது

கழிவு போடுவதை இன்றே நிறுத்துங்கள். சோறும் வேண்டாம், காய்த்தோலும் வேண்டாம், கடைக் கழிவும் வேண்டாம். டிரம்மில் நிற்கும் எரியாத வாயுவை, தீ எதுவும் இல்லாத நேரம் பார்த்து, காற்றோட்டமான திறந்த வெளியில் வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். அடுக்களைக்குள் வேண்டாம்.

பிறகு பள்ளிக்கூட ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில், புளிப்பின் அளவை நிறத்தால் காட்டும் பிஎச் தாள் வாங்குங்கள். அதிக விலை ஆகாது. வெளியேற்றுக் குழாயில் வரும் கரைசலை ஒரு கிண்ணத்தில் பிடித்துத் தாளை நனைத்து, அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிடுங்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 6.8 முதல் 7.5 வரை இருந்தால் நல்ல நிலை. 6.5க்குக் கீழே போனால் மீத்தேன் குறையத் தொடங்கும். உங்கள் கலனில் 6க்கும் கீழே இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். வெறும் கண்ணாலும் ஓரளவு சொல்லலாம். ஆரோக்கியமான கரைசல் கரும்பச்சையாக, சேற்று வாடையோடு, விரலில் வழவழவென்று ஓடும். புளித்தது வெளுத்துச் சாம்பல் நிறத்தில், மேலே நுரைகட்டி நிற்கும்.

6க்குக் கீழே என்றால் தொட்டியிலுள்ளதில் மூன்றில் ஒரு பங்கை வாளியால் அள்ளிவிடுங்கள். அள்ளியதை வாழை மூட்டில் ஊற்றிவிடாதீர்கள், அமிலம் வேரைச் சுடும். வாய்க்காலிலும் விடக் கூடாது. கிணற்றைவிட்டு விலகிய மறுபக்கத்தில் குழி எடுத்து, காய்ந்த சருகும் அடுப்புச் சாம்பலும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுங்கள். சில மாதத்தில் நல்ல எருவாகிவிடும். குறைந்த இடத்தைப் புதுச் சாணக் கரைசலால் நிரப்புங்கள்: ஒரு பங்கு சாணம், ஒரு பங்கு தண்ணீர். வைக்கோலும் கல்லும் இல்லாமல் கையால் பிசைந்து கரைத்தது நல்லது. பக்கத்தில் யார் வீட்டிலாவது சாண எரிவாயுக் கலன் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். அங்கிருந்து வெளிவரும் கரைசல் பத்துக் குடம் கிடைத்தால் புதுச் சாணத்தைவிட மேல். மீத்தேன் கூட்டம் அதில் ஏற்கெனவே பெருகியிருக்கும்.

சுண்ணாம்பு உதவும், ஆனால் கை அடக்கம் வேண்டும். நீர்த்த சுண்ணாம்பு கால் கிலோவை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி ஊற்றி, கம்பால் கிளறிவிட்டு, மறுநாள் தாளைப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு கால் கிலோ. 6.8 தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அவசரப்பட்டு மூன்று, நான்கு கிலோவைக் கொட்டினால் காரம் ஏறி, பிழைத்துக் கிடக்கும் கொஞ்சம் நுண்ணுயிர்களும் போய்விடும். மகன் சொன்ன சமையல் சோடாவில் தவறில்லை. சொல்லப்போனால் சுண்ணாம்பைவிட மென்மையாக வேலை செய்யும். இந்த அளவு தொட்டிக்குச் செலவு கூடும் என்பதுதான் குறை. ஈஸ்ட் வேண்டாம். அது சர்க்கரையைக் கரியமில வாயுவும் சாராயமும் ஆக்கும்; மீத்தேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிறகு காத்திருக்க வேண்டும். இதுதான் கடினமான பகுதி. தினமும் சாணக் கரைசல் மட்டும் ஊற்றிக்கொண்டு இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை பொறுங்கள். நம் பக்கத்து வெயில் இதற்கு உதவும்; கரைசல் 30 முதல் 40 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது இந்த நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கும். வாயு திரும்பியதா என்று பார்க்க, குழாய் முனையிலோ டிரம் வால்விலோ தீக்குச்சி காட்டாதீர்கள்; தீ உள்ளே பாயக்கூடும். எப்போதும் அடுப்பில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். முதலில் விட்டு விட்டுப் பிடிக்கும், அணையும், பிறகு நிலைத்து நீலமாக எரியும். நிலைத்த பிறகு நாளுக்கு அரைக் கிலோ கழிவில் தொடங்கி, வாரத்துக்கு அரைக் கிலோவாகக் கூட்டி, நான்கு கிலோவுக்கு வாருங்கள். இடையில் தாள் காட்டும் எண் இறங்கினால் அந்த வாரம் கூட்ட வேண்டாம்.

மாட்டை விற்கலாமா?

கலனை விற்றவர் சொன்னது முழுப் பொய் இல்லை. அடுப்படிக் கழிவை மட்டுமே கொண்டு ஓடும் வீட்டுக் கலன்கள் இருக்கின்றன. புனேயில் அப்படி ஒன்றை வடிவமைத்துப் பரப்பினார்கள். நமக்குப் பக்கத்தில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரமும் ‘சக்தி சுரபி’ என்ற பெயரில் அடுப்படிக் கழிவுக் கலனை உருவாக்கியிருக்கிறது. ஆனால் அவற்றை ஓட்ட ஒழுங்கு வேண்டும்: அளந்து போட வேண்டும், விருந்து வீட்டுச் சோற்றைக் கொட்டக் கூடாது, புளிப்பின் அறிகுறி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஆறு பேர் வீட்டில், இட்லிக் கடையின் காலைப் பரபரப்பில், யார் எப்போது எதைக் கொட்டினார்கள் என்று கவனித்துக்கொண்டிருக்க உங்களால் முடியுமா? உங்கள் இடத்தில் நான் இருந்தால் சாணத்தை விடமாட்டேன்.

காரணம் இதுதான். சோறும் காயும் சீக்கிரம் கரைந்து நிறைய வாயு தரும். கூடவே புளிப்பையும் தரும். சாணத்தில் வாயு குறைவு. மாடு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தானே தருகிறது? ஆனால் புளிப்பைத் தாங்கும் காரத்தன்மை சாணத்தில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்குத் துளித்துளியாகத் தேவைப்படும் நிக்கல், கோபால்ட் போன்ற தாதுக்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் புதிதாக வந்து சேரும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் செரிக்கவைத்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். உங்கள் மாமியார் பழக்கத்தை விடாமல் ஊற்றிவந்த அந்தக் கூடைச் சாணம்தான் மூன்று மாதம் கலனைக் காப்பாற்றியது. அவரிடம் இதைச் சொல்லுங்கள். மாட்டை விற்கும் பேச்சு கொஞ்சம் தணியலாம்.

கணக்காகவே பார்ப்போம். ஏறத்தாழ 25 கிலோ சாணத்திலிருந்து ஒரு கன மீட்டர் வாயு வரும். அடுப்படிக் கழிவில் பத்துக் கிலோவுக்கே அந்த அளவு கிடைக்கும். உங்கள் ஒரு பசுவின் சாணம் பத்துக் கிலோ என்றால் 0.4 கன மீட்டர்; நான்கு கிலோ கழிவுக்கு இன்னொரு 0.4. மொத்தம் 0.8 கன மீட்டர், ஒற்றை அடுப்பில் இரண்டு மணி நேரம் போல எரியும். ஒரு கன மீட்டர் வாயு, சமையல் எரிவாயுவில் 450 கிராமுக்குச் சமம் என்று கொண்டால் மாதத்துக்குப் பத்துப் பதினொரு கிலோ வரும். 14.2 கிலோ சிலிண்டரில் முக்கால் பங்கு. மாட்டை விற்றுக் கழிவை மட்டும் போட்டால் இதில் பாதி. ‘மாதம் ஒரு சிலிண்டர்’ என்பது இரண்டு மாடு நின்ற காலத்துக்குப் பொருந்தியிருக்கும், இப்போதைக்கு இல்லை. தொட்டியின் கொள்ளளவைப் பற்றிக் கவலை வேண்டாம். சாணம், கழிவு, தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு முப்பது லிட்டர் ஊற்றினால் 2,000 லிட்டர் தொட்டியில் இரண்டு மாதம் தங்கும். நம் வெப்பத்துக்கு நாற்பது நாள் தங்கினாலே போதும்.

பால் கணக்கு, தீவனச் செலவு, யார் மாட்டைப் பார்ப்பது என்பவை உங்கள் வீட்டுக் காரியம். கலனுக்காக மட்டும் ஒரு மாட்டை வைத்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விற்றே ஆக வேண்டுமென்றால், தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் தினம் ஐந்து கிலோ சாணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு விற்றுவிடுங்கள். ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் இரவே ஊறவைத்து நசுக்கிப் போடலாம், நல்லது. கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிக அதிகம். கொஞ்சம் போதும், கூடினால் அமோனியா ஏறிவிடும்.

மாடு இருக்கும்வரை ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். வடிகஞ்சியையும் கழனித் தண்ணீரையும் கலனில் ஊற்றத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அவை மாட்டுக்கு உரியவை. காய்த்தோலும் கடையில் சாப்பிட்டுப் போட்ட வாழை இலையும் அப்படியே. மாடு தின்னக்கூடியதை மாட்டுக்குக் கொடுத்தால் பாலும் கிடைக்கும், சாணமாகக் கலனுக்கும் வந்து சேரும். மாட்டுக்கு ஆகாத பழைய குழம்பு, கெட்டுப்போன சட்னி, ஊசிய மாவு போன்றவைதான் கலனுக்கு, அளவோடு. எலுமிச்சைத் தோல் வேண்டாம். அதன் எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. ஊறுகாயும் கருவாடும் உப்பு. வடை சுட்ட எண்ணெய் ஒரு கரண்டி போகலாம், சட்டியோடு கவிழ்க்கக் கூடாது. தேங்காய் நார், முட்டை ஓடு, கறிவேப்பிலைக் காம்பு, வாழைத்தண்டு நார் எல்லாம் செரிக்காமல் மேலே ஏடுகட்டும். பிளாஸ்டிக் பூசிய காகித இலை பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனால் இட்லிக் கடைகளில் அதுதான் முதலில் உள்ளே போகிறது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரையும் பினாயிலையும் அந்தப் பக்கமே விடாதீர்கள். மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட நாள்களில் அதன் சாணத்தைத் தனியே எருக்குழிக்கு அனுப்புங்கள்.

கழிப்பறையை இணைப்பது பற்றி

உங்கள் கணவர் சொல்வது நடக்காத காரியமில்லை. கழிப்பறையோடு இணைத்த எரிவாயுக் கலன்கள் நாட்டில் நிறைய உண்டு. அரசு மானியத் திட்டமும் அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அவை அதற்கென்றே மூடிக் கட்டப்பட்டவை. உங்களுடையது அப்படி இல்லை. டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவில் விரலிடை அளவு திறந்த சந்து சுற்றிலும் இருக்கிறது. மலம் கலந்தால் ஈயும் வீச்சமும் அங்கிருந்தே தொடங்கும். ஆறு பேர் கழிப்பறையில் ஊற்றும் தண்ணீர் நாளுக்கு நூறு லிட்டருக்குக் குறையாது. 2,000 லிட்டர் தொட்டியில் எதுவும் இருபது நாள்கூடத் தங்காது. பாதி செரித்த கழிவு நோய்க்கிருமிகளோடு வெளியே வரும். அந்தக் கரைசலை நீங்கள் கையால் எடுத்துக் கீரைக்கும் தக்காளிக்கும் ஊற்றுவீர்கள். கழிப்பறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் தூளும் சேர்ந்து உள்ளே வந்தால் மறுபடியும் இன்றைய நிலைதான்.

இவ்வளவுக்கும் கிடைக்கப்போகும் கூடுதல் வாயு, ஆளுக்கு நாளுக்கு 0.03 கன மீட்டர் அளவில்தான் இருக்கும். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு பசுவின் சாணத்தில் பாதி. அந்தத் தீயில் சமைக்க மாமியார் முகம் சுளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாயுவில் அழுக்கு எதுவும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேறு காரணங்கள் இத்தனை இருக்கும்போது அந்த வாதத்தை வீட்டில் தொடங்குவானேன்? கழிப்பறைக்கு இப்போதுள்ள ஏற்பாடே இருக்கட்டும்.

அடுத்த வீடும் கிணறும்

உங்கள் கொழுந்தனார் பொறாமையில் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொல்லும் நாற்றம் உண்மை. நீங்களே உங்கள் கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுக் கழிவை வீட்டிலேயே தரம்பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. மட்கும் கழிவை நீங்களே தீர்த்துக்கொள்வது அந்த நோக்கத்துக்கு இசைந்ததுதான். அதற்காக அடுத்தவர் மூக்கைத் துன்புறுத்தும் உரிமை கிடைத்துவிடாது. தெருவுக்கே தொல்லை என்ற நிலைக்கு வந்தால், அதை அகற்றும்படி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவர் உத்தரவிட வழி இருக்கிறது. அந்த அளவுக்குப் போக விட வேண்டாம். நீங்களும் உங்கள் கணவருமாகப் போய், என்ன நடந்தது, எத்தனை வாரத்தில் சரியாகும் என்று சொல்லிவிடுங்கள். ஒழுங்காக ஓடும் கலன் நாறாது.

கிணற்றைப் பற்றி அவர் பயப்படுவதை நான் இன்னும் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். கலனுக்கும் கிணற்றுக்கும் இருபதடி என்கிறீர்கள். அது போதாது, ஐம்பதடியாவது இருந்திருக்க வேண்டும். வார்ப்புத் தொட்டி என்பதால் தொட்டியிலிருந்து ஊறி இறங்கும் ஆபத்து குறைவு. ஆபத்து, வெளிவரும் கரைசலைத் தேக்கும் மண்குழியில் இருக்கிறது. அதை உடனே கிணற்றைவிட்டு விலகிய மறுபக்கத்துக்கு மாற்றி, உள்ளே சிமென்டு பூசி, மேலே மூடி போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிறைந்து வழிந்தால் நேராகக் கிணற்றுக்குத்தான் போகும். குடிக்கப் பயன்படும் கிணறு என்பதால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கோலிஃபார்ம் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். முடிவு வரும்வரை இரண்டு வீட்டாரும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்கு அது ஆகாது. அதனால் உங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்து, அதற்குப் புட்டிப்பால் கரைக்க நேர்ந்தால், முடிவைப் பார்க்கும்வரை வேறு தண்ணீர் பயன்படுத்துங்கள். டிரம்மைச் சுற்றியுள்ள சந்தில் கொசு முட்டையிடும். நைலான் வலையை வரிந்து கட்டிவிடலாம்.

கலன் சரியான பிறகு வரும் கரைசலை ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். சாணத்திலிருந்த நைட்ரஜனில் ஒரு பங்கு, பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு அதில் மாறியிருக்கும். கொழுந்தனாருக்கும் வாழை இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

விற்றவர் மானியம் ‘பின்னால் வரும்’ என்று சொன்னதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நாளுக்கு 1 முதல் 25 கன மீட்டர் வாயு தரும் கலன்களுக்கு, அளவைப் பொறுத்து 9,800 ரூபாயிலிருந்து 70,400 ரூபாய்வரை மத்திய அரசு மானியம் 2022இல் அறிவிக்கப்பட்டது. இதெல்லாம் அங்கீகரித்த மாதிரி, முன்கூட்டியே விண்ணப்பம், நேரில் ஆய்வு என்று நடப்பது. கலனை வாங்கி ஓட்டிய பிறகு தானாக வந்து சேராது. மேலும் உங்கள் 2,000 லிட்டர் என்பது தொட்டியின் கொள்ளளவு. ஒரு நாளில் கிடைக்கும் வாயுவின் அளவு அதுவல்ல. விற்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிச் சொல்வது வழக்கம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கையில் இருந்தால் விற்றவரை எழுத்துமூலம் பழுதுபார்க்க அழையுங்கள். வர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வளைகாப்புச் சோற்றை அவர் கொட்டவில்லை என்பதையும் அங்கே அவர் சொல்வார்.

மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்: தாள் காட்டும் எண் என்ன, அடுப்பு எத்தனை நேரம் எரிகிறது, கடைக் கழிவை ஒரு நாள் உண்மையிலேயே தராசில் வைத்தபோது எத்தனை கிலோ. நான்கு கிலோ என்பது கண் மதிப்பு என்று நினைக்கிறேன்; ஏழு, எட்டு என்று வந்தால் கழிவைக் கூட்டும் கணக்கை மாற்ற வேண்டும்.